காரில் ஒட்டிய பிள்ளையார்

1

போன கிழமை தங்கச்சியின் புருசன் சாவகச்சேரியிலிருந்து போன் எடுத்தார். எடுத்தவுடனேயே சிரிப்பு.

"என்ன மச்சாள், உங்கட நாட்டில பொடியன் ரெண்டு தரம் பின்னால வந்தா மறியலாமே? பேப்பரில கிடக்கு."

"ஓம், சிறைதான். புதுச் சட்டம்."

"அப்ப எங்கட காலத்தில ஊரில ஒரு ஆம்பிளை மிஞ்சியிருக்க மாட்டான். முதல் ஆள் உங்கட அவர். ஒரு வருசம் சைக்கிள்ல பின்னால திரிஞ்சவர் எல்லே?"

பின்னால் தங்கச்சியும் சிரிப்பது கேட்டது. அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் வீட்டு விசயம் வெளியில் போவதை நான் விரும்புகிறவள் இல்லை. ஊரில் இருந்தபோதும் அப்படித்தான், ஓக்லாந்துக்கு வந்த இந்தப் பத்தொன்பது வருசமும் அப்படித்தான். அதனால் தங்கச்சிக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைய சிரிப்பு என்னோடு குசினிக்குள் வந்தது, படுக்கைக்கும் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் போகிறது. போகட்டும்.

2

நானும் மகள் தர்சினியும் ஏவன்டேலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. நியூ லின்னில் ஒரு மருந்துக்கடையில் வேலை. காலையில் சாப்பாட்டுப் பெட்டியை நான் கட்டிக் கொடுப்பேன், அவள் காரை எடுத்துக்கொண்டு போவாள், மாலையில் வருவாள். களைத்து வந்தால் நான் தமிழில் கேட்பதற்கு அவள் இங்கிலீசில் பதில் சொல்லுவாள். எனக்கு அது பாதி விளங்கும். விளங்காத பாதியை நான் கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவன்டேல் சந்தைக்குப் போவேன். வெண்டிக்காய், பாகற்காய், பக்கத்துத் தீவு நாட்டுச் சனம் விற்கும் கிழங்கு என்று இரண்டு பையும் நிரம்பிவிடும். போன வருசம் ஒரு ஞாயிறு, பாரம் தாங்காமல் பையை நிலத்தில் வைத்து நின்றபோது ஒரு பொடியன் வந்தான்.

"தாங்கோ அம்மா, நான் தூக்கிறன். நீங்கள் தர்சினியின்ர அம்மா எல்லே?"

இரண்டு கேள்வியில் ஊர் தெரிந்தது. மூன்றாவது கேள்வியில் சொந்தம் வந்தது. நெல்லியடிப் பக்கம். அவனுடைய தாயின் தமையன் எங்கள் ஊரில் சம்பந்தம் செய்தவர். மடிப்புக் கலையாத சேட்டு, கம்பியூட்டர் வேலை, அடக்கமான பேச்சு. வாசல் வரை பை சுமந்து வந்த ஒருவனை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப எனக்குப் பழக்கமில்லை. தேத்தண்ணி போட்டேன், உழுந்து வடை கிடந்தது, வைத்தேன். குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். எப்படிப்பட்ட வளர்ப்பு என்று மனதுக்குள் மெச்சினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் எல்லாம் சொன்னேன். அவள் எத்தனை மணிக்குப் போவாள், எந்த நாள் லீவு, இன்னும் ஒன்றும் பொருந்தி வரவில்லை என்கிற என்னுடைய கவலை, எல்லாம். கடைசியில் சாமித் தட்டுக்குக் கீழே இருந்த சாதகக் குறிப்பையும் எடுத்து வந்து, அவன் தன் போனில் படம் பிடிக்கும்வரை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவனுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கு 'தம்பி' என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லைத் திருப்பி வாங்க முடியாமல் இருக்கிறது.

3

மாலையில் தர்சினி வந்தாள். நான் சந்தோசமாகத்தான் சொன்னேன். அவள் கதவைத் திறந்த திறப்பைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"இஞ்ச வந்தவனோ? வீட்டுக்குள்ளயோ?"

"நல்ல பொடியன் பிள்ளை. சாதகமும் குடுத்துவிட்டனான்."

அவள் போய் முன்கதவைப் பூட்டினாள். பிறகு பின்கதவு. பிறகு யன்னல் ஒவ்வொன்றாக. அதன் பிறகுதான் இருந்து கதைத்தாள். அவனோடு இரண்டு தரம் கோப்பி குடித்திருக்கிறாள். சரிவராது என்று நேரே சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஒரு நம்பரை மறித்தால் வேறு நம்பர். மத்தியானம் சாப்பிட வெளியே வந்தால் எதிர்க்கடை வாசலில் நிற்கிறானாம். கிட்ட வருவதில்லை, கதைப்பதில்லை, நிற்கிறான்.

"ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்திருப்பீங்கள் அம்மா? கலியாணம் பேசியிருப்பீங்கள்."

அதைத்தானே செய்திருந்தேன்.

ஆனாலும் முழுதாக நம்பவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு அது விளங்கும். பந்தியில் ஒருவர் போதும் என்று இலைக்கு மேலே கையை மறித்தாலும் இன்னொரு அகப்பை வைப்பதுதானே எங்கள் மரியாதை. மாப்பிள்ளை வீடு மூன்றாம் தரமும் வந்து கேட்டால் பெண்ணுக்குப் பெருமை. வேண்டாம் என்ற சொல்லை முதல் தடவையே எடுத்துக்கொள்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அவள் சொன்ன வேண்டாமையும் நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். ஆறப் போட்டால் சரியாகும் என்று.

அவன் எனக்குப் போன் எடுக்கத் தொடங்கினான். அவள் வேலைக்குப் போன பிறகு. "அம்மா சாப்பிட்டீங்களோ? முழங்கால் நோ எப்பிடி?" அவன் எடுத்தால் எடுக்க வேண்டாம் என்று தர்சினி சொல்லியிருந்தாள். நான் எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், பதினொரு மணியானால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். இந்த நாட்டில் என்னுடைய முழங்காலைப் பற்றிக் கேட்க வேறு ஒருவரும் இருக்கவில்லை.

ஒரு நாள் வாசல் படலையடியில் வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. உள்ளங்கை அளவில் ஒரு பிள்ளையார், மஞ்சள் கலர், அடியில் ஒட்டுவதற்குப் பசை.

"எங்கட அம்மா ஊரிலயிருந்து கொண்டந்தவ. தர்சினின்ர காருக்கு. நான் தந்ததெண்டு சொல்லாதேங்கோ, அவ கோவிப்பா. பிள்ளை பத்திரமா ஓடித் திரியட்டும்."

நான் திருநீறு போட்டு, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே நடுவில் பார்த்து, என் கையாலேயே ஒட்டினேன். கோவில் கடையில் வாங்கினது என்று மகளுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் காரை எடுக்க முன்னம் ஒரு விரலால் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் போவாள். நான் வாசலில் நின்று பார்த்துச் சந்தோசப்படுவேன்.

4

பிறகு நடந்தவற்றை நீட்டி எழுத மனம் வரவில்லை. வேலை முடிந்து வந்தால் காரின் கண்ணாடியில் பூங்கொத்து. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்த அவளுடைய படம், அவளுக்கே அனுப்பியது. அவள் மெலிந்தாள். நான் கட்டிக் கொடுத்த சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. என்மேல் கோபத்தில் சாப்பிடாமல் கொண்டு வருகிறாள் என்று நான் நினைத்தேன்.

கடைசியில் வேறு கிளைக்கு மாற்றம் கேட்டு, மனுகாவ் பக்கத்தில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போனாள். எந்தத் தெரு என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. நாலாம் நாள் அவன் அந்த வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றான்.

போனில் அவளுடைய மூச்சுத்தான் முதலில் கேட்டது.

"அம்மா, நீங்கள் சொன்னீங்களோ?"

"சாமி சத்தியமா இல்லை. எனக்கே தெரியாதே பிள்ளை."

அது உண்மை. நான் வாயால் சொல்லவில்லை.

சிநேகிதியின் புருசன் பிஜித் தமிழர், பெயர் மூர்த்தி, கார் திருத்துகிற வேலை. அவர் காரைத் தூக்கி அடியெல்லாம் தேடினார், உள்ளே இருக்கிற கதிரைகளுக்குக் கீழே தேடினார், ஒன்றும் இல்லை. பிறகு வெகுநேரம் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவருடைய ஆட்களுக்கும் அது சாமிதானே. கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கத்தியை அடியில் கொடுத்துத் தட்டினார். உள்ளே குழிவாக்கி வைத்த, ஒரு பொத்தான் அளவில் சின்னக் கருவி. கார் எங்கே நிற்கிறது என்று அது எந்த நேரமும் அவனுடைய போனுக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது.

5

பொலிஸில் எங்களோடு கதைத்தவ ஒரு மாவோரிப் பெண், இந்த நாட்டின் பூர்வீகச் சனம். உயரம், தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தா. மொழிபெயர்ப்புக்கு ஆள் போனில். மேசை நடுவில் போனை வைத்தார்கள், அதற்குள்ளிருந்து இந்தியத் தமிழில் ஒரு பொம்பிளைக் குரல் வந்தது.

"வணக்கம்மா. அவங்க சொல்றதை நான் தமிழ்ல சொல்வேன். நீங்க பேசுறதை அப்படியே அவங்ககிட்ட சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அப்பிடியே செய் மோனை."

சட்டத்தை அந்தக் குரல்தான் எனக்கு விளக்கியது. ஒருவரைப் பின்தொடர்வது, காத்து நிற்பது, படம் எடுப்பது, தேவையில்லாமல் தொடர்புகொள்வது, இப்படிக் கருவி வைத்துத் தேடுவது எல்லாம் அதில் வரும். மற்றவர் பயப்படுவார், துன்பப்படுவார் என்று தெரிந்துகொண்டு இரண்டு வருசத்துக்குள் இரண்டு தடவை செய்தால் அது குற்றம். ஆனால் சட்டம் வந்த பிறகு நடந்ததைத்தான் எண்ணலாம். அவள் மாதக்கணக்காகப் பட்டதில் பெரும்பகுதி அதற்கு முந்தியது. பிந்தியதில் காட்டக்கூடியதாக இருந்தது இரண்டு. கடைசியாகப் பூங்கொத்து வைத்தது கார் நிற்பாட்டும் இடத்துக் கமெராவில் விழுந்திருந்தது. மற்றது பிள்ளையாரைக் கொண்டு அவளைத் தேடி அந்த வீட்டடிக்கு வந்தது. அந்தத் தெருவில் தனக்கு வேறு அலுவல் என்று அவன் சொன்னானாம். பொம்மையைத் தான் கண்டதே இல்லை என்றானாம்.

தர்சினி தன் வாக்குமூலத்தில், அம்மா கோவில் கடையில் வாங்கினது என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்ததைத்தானே அவள் எழுத முடியும்.

"அம்மா, அந்தப் பொம்மை எங்கே வாங்கினீங்கன்னு கேக்கிறாங்க. ஞாபகம் இருந்தா மட்டும் சொல்லுங்க, அவசரமில்லை."

மகளுடைய கை என் கைக்குள் இருந்தது. எனக்குத் துணையாக அவள்தான் பிடித்திருந்தாள். கோவில் கடை என்று சொன்னால் அந்தக் கை அங்கேயே இருக்கும். வயதாகிவிட்டது, நினைவில்லை என்று சொன்னாலும் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள். என் பிள்ளையிடம் நான் பொய் சொன்னேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமையோடுதான் நான் சனத்துக்குள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

"கடையில வாங்கேல்லை," என்றேன். "அந்தப் பிள்ளையாரை அவன் கொண்டுவந்து தந்தவன். படலையடியில வைச்சு. தான் தந்ததெண்டு சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவன். நான்தான் ஒட்டினனான். மகளுக்குப் பொய் சொன்னனான்."

போனுக்குள்ளிருந்து, "பிள்ளையார்னா அவங்களுக்குத் தெரியாதும்மா. யானை முகச் சாமின்னு சொல்லட்டுமா?"

"பிள்ளையாரைப் பிள்ளையார் எண்டே சொல்லு மோனை. அவரில பிழையில்லை."

அந்தக் குரல் இங்கிலீசில் சொல்லத் தொடங்கியது. தர்சினிக்கு அது தேவையில்லை, முதலே விளங்கிவிட்டது. தண்ணீர்க் கோப்பையை எடுக்கிறவள் போலத் தன் கையை எடுத்தாள். கோப்பையை எடுத்தாள். குடிக்கவில்லை.

எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் எழுத்துக்கூட்டி என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிள்ளையாரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பர் ஒட்டி உள்ளே கொண்டு போனார்கள்.

கடைசியாக அந்தப் பொலிஸ்காரி ஒன்று கேட்டா. அவன் வாசலில் வந்து நின்றபோது எனக்குப் பயமாக இருக்கவில்லையா என்று. இல்லை என்றேன்.

வரும் வழியில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. தையல் வகுப்புக்குப் போகும்போது ஒருவர் சைக்கிளில் பின்னால் வருவார். ஒன்றும் சொல்லமாட்டார், வருவார். நான் பெரிய ரோட்டை விட்டுப் பனங்காணிக்குள்ளால் போனேன், அங்கேயும் வந்தார். வயிற்றுக்குத்து என்று அம்மாவுக்குப் பொய் சொல்லி நாலு நாள் வீட்டில் கிடந்தேன். ஐந்தாம் நாள் வேலிக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. பிறகு பேசி வந்தார்கள், கலியாணம் நடந்தது. முப்பத்தாறு வருசம் என்னைக் கை நீட்டாமல் வைத்திருந்த நல்ல மனிசன். இங்கே வந்துதான் கண்ணை மூடினார். அந்தச் சைக்கிள் கதையை நான் எத்தனை தரம் சிரித்துச் சிரித்து என் மகளுக்குச் சொல்லியிருப்பேன்! பனங்காணியையும் வயிற்றுக்குத்தையும் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே அது மறந்து போயிருந்தது. அவர் நல்லவராக அமைந்தது என்னுடைய அதிர்ஷ்டம். அது சைக்கிளுடைய புண்ணியம் இல்லை.

6

அவன் மேல் வழக்குப் போட்ட கிழமை அவனுடைய சின்னம்மா வந்தா. கோவிலில் கண்ட முகம். நான் வலைக்கதவைத் திறக்காமல் உள்ளே நின்றேன்.

"அக்கா, ஒரு பொடியன்ர வாழ்க்கை. விசா போச்செண்டால் அவன்ர தாய் உயிரோட இரா. நீங்கள் குடுத்த வாக்குமூலத்தை ஒருக்கா மாத்திச் சொன்னா முடிஞ்சுது."

"உண்மையை எப்பிடி மாத்திறது?"

"எங்கட பிள்ளையளை நாங்களே வெள்ளைக்காரனிட்டப் பிடிச்சுக் குடுக்கிறதோ?"

"பொலிஸ்காரி வெள்ளை இல்லை."

"விருப்பப்பட்டுத்தானே அக்கா வந்தவன். உங்கட மோளைக் கொல்லவோ வந்தவன்?"

"அது அவளுக்கு எப்பிடித் தெரியும்? கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருந்தவள் அவள். நீங்களும் நானும் இல்லை."

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "வந்த ஆளை வா எண்டு சொல்லாமல் கதவுக்குப் பின்னால நிண்டு கதைக்கிறியள். இது என்ன பழக்கம்?"

"இப்பதான் பழகிறன்," என்றேன்.

அவ போன பிறகு உள்கதவையும் பூட்டினேன். வீட்டுக்கு வந்த ஒருவருக்கு ஒரு வாய்த் தண்ணி கொடுக்காமல் அனுப்பியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்த வெள்ளி கோவிலில் என் பக்கத்தில் இரண்டு பேர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்கள். நான் தேவாரம் முடியும்வரை எழும்பவில்லை.

7

வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை அவன் அவளுக்குக் கிட்ட வரக் கூடாது, எந்த வழியாலும் தொடர்புகொள்ளக் கூடாது, மற்றவர்களைக் கொண்டு சொல்லியனுப்பவும் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போட்டிருக்கிறது. என்னோடும்தான். மீறினால் உள்ளே. அந்தக் கடுதாசியைத் தர்சினி எனக்கு வாசித்துச் சொன்னாள். அவளுடைய தோள் இறங்கியதை அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன்.

ஆனாலும் அவள் ஓக்லாந்தை விட்டுப் போக முடிவெடுத்தாள். கடுதாசியை நம்பி ரோட்டில் நடக்க அவளுக்கு இன்னும் ஏலவில்லை. பெட்டி கட்ட நான்தான் உதவினேன். மிளகாய்த்தூள், பருப்புப்பொடி, எள்ளுருண்டை எல்லாம் தனித்தனியாகச் சுற்றி வைத்தேன். அவள் இருந்த இடத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊர் பிள்ளை?"

"அம்மா, உங்களுக்குச் சொல்லேலாது."

"நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

"வேணுமெண்டு சொல்லமாட்டீங்கள். தெரியும் அம்மா. ஆனா ஆராவது வந்து நல்லாக் கதைச்சா, சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டா, சொல்லிப்போடுவீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்கிற மாதிரிச் சொன்னாள். நான் எள்ளுருண்டைப் பொதியைப் பெட்டியின் மூலையில் நசிபடாமல் வைத்து மூடினேன்.

இப்போது ஞாயிறு மத்தியானத்தில் அவள் போன் எடுக்கிறாள். நம்பர் விழாது. சாப்பாடு, வேலை, குளிர், அவ்வளவுதான் கதை. முழங்கால் எப்படி என்று கேட்கிறாள். இப்போது கேட்கிறாள். நான் ஒன்றும் விசாரிப்பதில்லை. முதல் மாதம் அவளுடைய குரலுக்குப் பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டேன். கடற்பறவை கத்தினால் கடற்கரை ஊர் என்று மனம் ஓடும். பிறகு பயந்து போனேன். தெரிந்தது வாயில் வராமல் காக்கிற பக்குவம் எனக்கு இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை.

நேற்று அவள் பஸ்ஸில் இருந்து கதைத்தாள். ரசம் வைக்கும் பக்குவம் கேட்டாள், நான் சொல்லிக்கொண்டு இருந்தேன். நடுவில் பஸ்ஸின் ஒலிபெருக்கியில் ஒரு பொம்பிளைக் குரல் அடுத்து நிற்கும் இடத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கியது. நான் போனைக் காதிலிருந்து எடுத்து, கையை நீட்டி, தூரத்தில் பிடித்தேன். மனதுக்குள் பத்துவரை எண்ணினேன்.

திரும்பக் காதில் வைத்தபோது அவள் கூப்பிட்டுக்கொண்டு இருந்தாள்.

"அம்மா? அம்மா, இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன் பிள்ளை," என்றேன். "மிளகைக் கடைசியாப் போடு."